பாதி வழியில் திரும்பிய விமானம்: எதற்கு வழக்கு போடலாம், எதற்குப் போடக்கூடாது?

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். துபாயில் ஏ.சி. மெக்கானிக் வேலை. விடுப்பு முடிந்து திரும்பும்போது இந்த முறை 61 வயது அம்மாவையும் விசிட் விசாவில் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். சென்னையிலிருந்து இரவு 9.50 மணி விமானம், இந்திய நிறுவனம். புறப்பட்டுச் சற்று நேரத்தில், "தொழில்நுட்பக் கோளாறு, சென்னைக்கே திரும்புகிறோம்" என்று விமானி அறிவித்திருக்கிறார். ஆனால் உடனே இறங்கவில்லை. கடலுக்கு மேல் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்துவிட்டு, நள்ளிரவு 12.30 வாக்கில் இறங்கியிருக்கிறார்கள். ஓடுபாதை ஓரத்தில் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையாக நின்றிருக்கின்றன. அதைப் பார்த்ததும் அழாதவர்கள் குறைவு என்கிறார்.

இறங்கியபின் பாஸ்போர்ட்டில் குத்திய புறப்பாட்டு முத்திரையை ரத்து செய்து, எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட், அரை லிட்டர் தண்ணீர். ஹோட்டல் கேட்டதற்கு, "அரை மணியில் வேறு விமானம் வந்துவிடும் சார்" என்ற பதிலே விடிய விடிய வந்திருக்கிறது. மாற்று விமானம் கிளம்பியது மறுநாள் மதியம் 3.30க்கு. துபாயில் கம்பெனி இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டது.

அவர் கேட்பது இதைத்தான். கோளாறு தெரிந்தும் இவ்வளவு நேரம் வானில் வைத்திருந்த விமானி மீது வழக்கு போட முடியுமா? ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டாயம் தர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது உண்மையா? கவுண்ட்டரில் இருந்தவர், "டெக்னிக்கல் ஃபால்ட் இயற்கைப் பேரிடர் மாதிரி, ஒன்றும் கிடைக்காது" என்றாரே, அது சரியா? பிஸ்கட் கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அதோடு எல்லாம் முடிந்ததா? மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் கேட்கலாம் என்கிறார் மைத்துனர், கேட்கலாமா?

கடிதம் முடியும் இடத்தில் ஒரு வரி: "அம்மாவுக்கு சுகர் உண்டு, விடிகாலை மூன்று மணிக்கு மயக்கம் வந்து ஏர்போர்ட் டாக்டரிடம் காட்டினோம், 54 என்று சீட்டு கொடுத்தார்கள்."

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நீங்களும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள், அது முதல் நிம்மதி. உங்கள் கடிதத்தில் வானத்தில் நடந்ததற்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். தரையில் நடந்ததற்கு ஒரு பத்தி. அம்மாவின் மயக்கத்துக்கு ஒரே ஒரு வரி. வக்கீலாக நான் அதை அப்படியே தலைகீழாகப் படிக்கிறேன். விமானம் திரும்பி வந்ததற்கு உங்களுக்குப் பெரிதாக வழக்கு இல்லை. திரும்பி வந்தபின் பதினைந்து மணி நேரம் உங்களை நடத்திய விதத்தில் நல்ல வழக்கு இருக்கிறது.

வட்டமடித்தது யார் தப்பு?

யாருடைய தப்பும் இல்லை. விமானங்களுக்குப் புறப்படும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை ஒன்று, இறங்கும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை இன்னொன்று. போயிங் 737-800 ரகத்தை எடுத்துக்கொண்டால் கிளம்பும்போது சுமார் 79 டன் வரை போகலாம், இறங்கும்போது சுமார் 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். துபாய் வரை போக எரிபொருள் நிரப்பிய விமானம் அரை மணியில் திரும்பினால் அந்த எடை குறைந்திருக்காது. 747, 777 போன்ற பெரிய விமானங்களில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி உண்டு. வளைகுடாவுக்குப் போய் வரும் 737, ஏ320 ரகங்களில் அது கிடையாது. பறந்து பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் நினைவிருக்கும். ஹைட்ராலிக் கோளாறு. 141 பேருடன் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருச்சியைச் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. டி.வி.யில் நேரலையாகப் பார்த்தவர்களுக்கு அது பயங்கரம். காக்பிட்டில் இருந்தவர்களுக்கு அது நிதானமாகச் செய்ய வேண்டிய ஒரு வேலை. தீப்பிடித்திருந்தால், புகை வந்திருந்தால், எடை கூடுதலாக இருந்தாலும் உடனே இறக்கிவிடுவார்கள், அதற்கும் வழிமுறை உண்டு. வட்டமடித்தார்கள் என்றாலே, அவசரப்பட வேண்டிய நிலை இல்லை என்று அவர்கள் கணித்தார்கள் என்றுதான் பொருள். தீயணைப்பு வண்டிகள் நின்றதும் அப்படித்தான். பிரேக் சூடேறலாம், டயர் வெடிக்கலாம் என்ற முன்னெச்சரிக்கை. ஏதோ நடந்துவிட்டது என்பதற்கான அடையாளம் இல்லை.

ஆகவே விமானியைக் குற்றம் சொல்லும் வாதத்தை மனுவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பாதுகாப்புக்காகத் திரும்பியதைக் குறை சொன்னால், அதற்குப் பதில் சொல்வது எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. உங்கள் நியாயமான குறைகளும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

ஒன்று சொல்ல வேண்டும். திரும்பி வந்தது சரி என்பதால், கோளாறு வந்ததும் சரி என்றாகிவிடாது. பராமரிப்பில் கோட்டை விட்டிருந்தால் அது நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் அதை வெளியே இருக்கும் ஒரு பயணி எப்படி நிரூபிப்பது என்று மலைக்க வேண்டாம். அதற்கான பதில் கீழே வருகிறது.

பயந்ததற்குப் பணம் உண்டா?

மைத்துனரின் பத்து லட்சம் இங்கேதான் வருகிறது. இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படும் வழக்கு, உங்களுடையதைப் போலவே திரும்பி வந்த ஒரு விமானத்தைப் பற்றியதுதான். 1983 மே 5, அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் தலைநகரான நசாவுக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம். மூன்று எஞ்சின்களிலும் எண்ணெய் கசியாமல் இருக்கப் போட வேண்டிய ரப்பர் வளையங்களைப் பராமரிப்பு ஊழியர்கள் போடாமல் விட்டுவிட்டார்கள். ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு மயாமிக்குத் திரும்பும் வழியில் மற்ற இரண்டும் நின்றன. கடலில் இறங்கப் போகிறோம் என்று பயணிகளிடம் சொல்லியாயிற்று. கடைசியில் முதலில் அணைத்த எஞ்சின் மறுபடி பிடித்துக்கொள்ள, அந்த ஒன்றை வைத்தே மயாமியில் இறக்கிவிட்டார்கள். அப்பட்டமான அலட்சியம். அப்படியிருந்தும், 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உடம்பில் காயம் எதுவும் இல்லாமல் மனவேதனைக்கு மட்டும் சர்வதேச விமான உடன்படிக்கையின்கீழ் இழப்பீடு கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது.

அது பழைய வார்சா உடன்படிக்கைக் காலம். இப்போது நடைமுறையில் இருக்கும் மாண்ட்ரீல் உடன்படிக்கையும் 'உடற்காயம்' என்றே பேசுகிறது. 2022இல் ஐரோப்பிய நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்து, மருத்துவரீதியாக நிரூபிக்கப்பட்ட கடுமையான மனப் பாதிப்பு என்றால் அதையும் உடற்காயத்தோடு சேர்த்துப் பார்க்கலாம் என்றது. அங்கேகூட சிகிச்சை இல்லாமல் தீராத அளவு பாதிப்பு இருக்க வேண்டும். "உயிர் போய் உயிர் வந்தது" என்பது போதாது. உங்களுக்கோ அம்மாவுக்கோ இன்னும் தூக்கம் வரவில்லை, விமானச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது என்றால், வழக்குக்காக இல்லாவிட்டாலும் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நம்மூர் நுகர்வோர் ஆணையங்கள் மன உளைச்சலுக்குப் பணம் கொடுக்கின்றன, உண்மை. அது பெரும்பாலும் சேவைக் குறைபாட்டால் வந்த உளைச்சலுக்கு. வானில் வந்த பயத்தை அதில் கொண்டுபோய் நுழைக்காமல், விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டைச் சொல்லுங்கள். தொகையையும் நியாயமாகக் கேளுங்கள். பத்து லட்சம் என்று போட்டால், படிப்பவர் மற்ற எண்களையும் சந்தேகப்பட ஆரம்பிப்பார்.

"டெக்னிக்கல் ஃபால்ட், ஒன்றும் கிடைக்காது"

இந்த வாசகத்தை நானும் எத்தனையோ முறை கேட்டாயிற்று. கவுண்ட்டரில் இருக்கும் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார்கள். ஆனால் அது சரியில்லை.

இரண்டு தனித்தனிச் சட்டங்கள் இங்கே வேலை செய்கின்றன. ஒன்று, டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பயணிகள் வசதி விதி. இன்னொன்று, மாண்ட்ரீல் உடன்படிக்கை. இந்தியா 2009இல் சேர்ந்தது, விமானப் போக்குவரத்துச் சட்டம் 1972இன் மூன்றாம் அட்டவணையாக அது நம் சட்டமாகவே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வந்த 10,000 ரூபாய் முதல் விதியில் இருக்கிறது. ஆனால் பாதியைத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். விமானம் 'ரத்து' ஆனால்தான் அந்தப் பணம், வெறும் தாமதத்துக்குக் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கட்டணம் சேர்த்த தொகை, இதில் எது குறைவோ அது. உங்கள் டிக்கெட்டில் அந்த இரண்டும் சேர்த்து 8,400 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஆளுக்கு 8,400தான். அதுவும், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் என்றால் கிடையாது. வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று அந்த வகைக் காரணங்களை விதி சொல்கிறது. சொந்த விமானத்தின் கோளாறு எப்படி அந்த வரிசையில் வரும் என்பதுதான் நம் கேள்வி. 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம், இயந்திரக் கோளாறு என்பது விமானம் ஓட்டும் தொழிலோடு கூடவே வருவது, பொதுவாக அதை அசாதாரணச் சூழல் என்று சொல்லித் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது.

சரி, உங்கள் விமானம் தாமதமா, ரத்தா? எஸ்.எம்.எஸ்.ஸில் 'மறுநேரம்' என்று வந்ததாகச் சொல்கிறீர்கள். நிறுவனம் தாமதம் என்றே வாதாடும். சில சமயம் இன்னும் ஒரு படி மேலே போய், "விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டதே" என்றும் சொல்வார்கள். சிரிக்காதீர்கள், அப்படியும் பதில் மனு வரும். பாரிஸிலிருந்து ஸ்பெயினின் வீகோவுக்குக் கிளம்பித் திரும்பிய ஒரு விமானம் பற்றி 2011இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் இதே கேள்வி வந்தது. கிளம்பிய விமானம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, பயணிகளை வேறு விமானங்களுக்கு மாற்றினால் அது ரத்துதான் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு நம் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்குத் துணையாக வைக்கலாம். மறுநாள் போனது வேறு எண் கொண்ட விமானமா, புது போர்டிங் பாஸ் கொடுத்தார்களா என்று எடுத்துப் பாருங்கள். அது முக்கியம்.

ரத்து என்று நிரூபிக்க முடியாமல் போனாலும் மாண்ட்ரீல் இருக்கிறது. அதன் 19ஆம் பிரிவின்படி தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு நிறுவனமே பொறுப்பு. தப்பிக்க வேண்டுமானால், நியாயமாக எடுக்க வேண்டிய எல்லா நடவடிக்கையும் எடுத்தோம், அல்லது எடுக்கவே முடியாத நிலை என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் இல்லை. மேலே மலைக்க வேண்டாம் என்றேனே, அது இதனால்தான். பராமரிப்புப் பதிவேடு அவர்களிடம் இருக்கிறது, அவர்கள் காட்டட்டும். கோளாறுக்கு மட்டுமில்லாமல், மாற்று விமானம் வரப் பதினைந்து மணி நேரம் ஏன் ஆனது என்பதற்கும் அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும்.

இந்தப் பிரிவின்கீழ் ஒரு பயணிக்கு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 6,303 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). நம் பணத்தில் ஏழு லட்சத்துக்கு மேல். இதைப் படித்ததும் மைத்துனரைக் கூப்பிடாதீர்கள்! அது கேட்கக்கூடிய எல்லை, கிடைக்கும் தொகை அல்ல. ரூபாய் ரூபாயாக நஷ்டத்தைக் காட்ட வேண்டும். பிடித்த இரண்டு நாள் சம்பளம், கூடத்தில் வாங்கிச் சாப்பிட்ட பில், துபாயில் கொடுத்த கூடுதல் டாக்சி என்று உங்கள் பட்டியல் சில ஆயிரங்களில் நிற்கும். நிற்கட்டும். ரசீதோடு வரும் சில ஆயிரத்துக்கு ஆணையத்தில் மதிப்பு அதிகம்.

பிஸ்கட்டும் நாற்காலியும்

உங்கள் வழக்கின் உயிர் இங்கே இருக்கிறது. டி.ஜி.சி.ஏ. விதிப்படி, இரண்டரை மணியிலிருந்து ஐந்து மணி நேரம் வரையிலான பயணத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் இலவசமாகத் தர வேண்டும். சென்னை–துபாய் இதில் வரும். இரவு 8 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டலும், போய்வர வண்டியும் தர வேண்டும். உங்களுடையது 9.50 விமானம், கிளம்பியது மறுநாள் 3.30. "அரை மணியில் வந்துவிடும்" என்று ராத்திரி முழுக்க இழுத்தது எதற்கு என்பது உங்களுக்கே புரிந்திருக்கும்.

இழப்பீட்டுப் பணத்துக்குச் சொல்லப்பட்ட விதிவிலக்கைக் காட்டிச் சாப்பாட்டையும் இடத்தையும் மறுக்க முடியாது என்பதே என் வாதமாக இருக்கும். அதற்கு ஆதாரம் 2011இல் நம் உச்ச நீதிமன்றம் இண்டிகோ சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சொன்னது. பனிமூட்டத்தால் டெல்லியில் தாமதமான விமானம் அது. தாமதத்துக்கு நிறுவனம் காரணமில்லை என்றாலும், குறைந்த கட்டண விமானம் என்று சொல்லி அடிப்படை வசதிகளைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது நீதிமன்றம். முழுசையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வழக்கில் பயணிக்குக் கீழ் மன்றங்களில் கிடைத்த இழப்பீடு ரத்தாகிவிட்டது, ஏனென்றால் அங்கே சிற்றுண்டி, தண்ணீர் எல்லாம் கொடுத்திருந்தார்கள். உங்கள் விஷயத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்தான்.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனாலே தாழ்நிலை என்பார்கள். 54 என்று, நேரம் போட்டு, விமான நிலைய மருத்துவ அறையே சீட்டு கொடுத்திருக்கிறது. சர்க்கரை நோயாளி என்று கவுண்ட்டரில் இரண்டு முறை சொல்லியும் சாப்பாடு வரவில்லை என்று வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருக்கும் காகிதங்களிலேயே கனமானது அந்தச் சீட்டுதான். மூலத்தைப் பத்திரமாக வையுங்கள், இன்றே படமெடுத்து வையுங்கள். பக்கத்து இருக்கையில் இருந்து அம்மாவுக்கு மிட்டாய் கொடுத்த அந்தச் சேலம் பெண்மணியின் எண் இருந்தால், நடந்ததை இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

கையெழுத்து விஷயம். பிஸ்கட் வாங்கிய பட்டியலில் கையெழுத்துப் போட்டதால் உரிமை எதுவும் போய்விடாது. பொறுப்பைக் கழற்றிவிடும் ஒப்பந்த நிபந்தனைகள் செல்லாது என்று மாண்ட்ரீலின் 26ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் பணமோ வவுச்சரோ வாங்கிக்கொண்டு, 'முழுமையாகத் தீர்ந்தது, இனி கோரிக்கை இல்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டால் கதை வேறு. நீங்கள் அப்படி எதுவும் வாங்கவில்லை. இனிமேல் வாங்கும்படி மெயில் வந்தால், படிக்காமல் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிடாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது

முதலில் நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு, அதாவது புகார்களைக் கவனிக்கும் அதிகாரிக்கு, ஒரு மெயில். கோபம் வேண்டாம். தேதி, விமான எண், பி.என்.ஆர்., எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எவ்வளவு கேட்கிறீர்கள், எதற்காக என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். விமானம் திரும்பியதற்கும் தாமதத்துக்குமான காரணத்தை எழுத்தில் தரும்படி அதிலேயே கேளுங்கள். பின்னால் ஆணையத்தில் வேறு கதை சொன்னால் இந்தப் பதிலை எடுத்து வைக்கலாம். பதில் திருப்தியில்லை என்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரி, அப்புறம் விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா இணையதளம். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். பல விவகாரங்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னைக்கோ நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கோ அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது விழுப்புரத்திலேயே தாக்கல் செய்யலாம். ஆன்லைனிலும் முடியும், விசாரணைக்கு வீடியோ வழியாக வரவும் அனுமதி கேட்கலாம். உங்கள் டிக்கெட் அளவுக்குத் தாக்கல் கட்டணமே கிடையாது. டிக்கெட் பணம் நீங்கள் கட்டியிருந்தாலும், சேவையைப் பெற்றவர் என்ற முறையில் அம்மாவும் நுகர்வோர்தான். மனுவில் அவர் பெயரை முதலில் போடுங்கள் என்பேன். நீங்கள் துபாயில் இருப்பதால், ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பது நடைமுறையில் வசதி.

கெடு இரண்டு ஆண்டு. நுகர்வோர் சட்டத்திலும் அதுதான், மாண்ட்ரீலிலும் அதுதான். நுகர்வோர் சட்டத்தில் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். மாண்ட்ரீலில் கெடு தாண்டினால் உரிமையே போய்விடும். இரண்டு போர்டிங் பாஸ்கள், ரத்து முத்திரை விழுந்த பாஸ்போர்ட் பக்கங்கள், எஸ்.எம்.எஸ்.கள், சாப்பாட்டு பில், சம்பளம் பிடித்ததைக் காட்டும் சீட்டு, மருத்துவச் சீட்டு, இவற்றை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். போர்டிங் பாஸ் எழுத்து மங்கிப் போகும் தாள், அதை முதலில் ஸ்கேன் எடுங்கள்.

கடைசியாக, அம்மா இனிமேல் விமானமே ஏறமாட்டேன் என்கிறார், திரும்பி வரும்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இது வக்கீலிடம் கேட்கும் கேள்வி இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோளாறு வந்ததும் திரும்பிய விமானம் அது, அதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் பகல் நேர விமானமாகப் பாருங்கள். மாத்திரை, இன்சுலின், மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் போட வேண்டாம். கூடவே நாலு வாழைப்பழமோ ஒரு பொட்டலம் கடலை மிட்டாயோ வையுங்கள். முன்பதிவு செய்யும்போதே சர்க்கரை நோயாளி என்று குறிப்பிட்டு, அந்த உறுதிச் செய்தியையும் சேமித்து வையுங்கள்.